வாசகர் கேள்வி: நூலகத்துக்குச் சில்லு பூட்டலாமா?

கேள்வி: எங்கள் பாடசாலை நூலகத்தை நவீனமாக்கச் சொல்லி வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் காசு அனுப்பியிருக்கிறார்கள். ஏசி, ஸ்மார்ட் போர்ட், வட்டமேசை என்று ஆளுக்கொரு யோசனை. எதிலிருந்து தொடங்குவது?
- நூலகப் பொறுப்பாசிரியை, வடமராட்சி

பதில்: திறப்பிலிருந்து தொடங்குங்கள், ரீச்சர். கண்ணாடி அலுமாரித் திறப்புக்கோர்வை இப்போது யாரிடம் இருக்கிறது? நான் படித்த இடத்தில் அது அதிபரின் லாச்சிக்குள் கிடந்தது, அவர் கூட்டத்துக்குப் போன நாட்களில் நூலகப் பாடவேளை முழுக்கக் கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தகத் தலைப்புகளை வாசித்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவோம். நூல்கள் பயன்படுத்தவே என்பது இந்திய நூலகவியலாளர் ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஆலோசகராக இருந்த அதே ரங்கநாதன்தான்.

பிறகு ஒருநாள் முழுக்க மூலையில் கதிரை போட்டு இருந்து பாருங்கள். பிள்ளைகள் எங்கே போய்க் குந்துகிறார்கள், காலை வெயில் எந்த யன்னலால் வந்து புத்தக முதுகுகளை வெளுக்க வைக்கிறது என்று தெரிந்துவிடும். ஆளுயர அலுமாரிகள் சுவரோடு போகட்டும், சரியாமல் சுவரில் பிணைத்துவிடுங்கள். நடுவில் நாலடிக்கு மேற்படாத மூன்று தட்டு இறாக்கைகள், அப்போதுதான் உங்கள் மேசையிலிருந்து முழு அறையும் தெரியும். அவற்றுக்குச் சில்லு பூட்டலாம். ஆனால் ஒரு மீற்றர் தட்டில் நிரம்பப் புத்தகம் அடுக்கினால் 30 கிலோ அளவில் வரும், இரண்டு பக்கமும் மூன்று தட்டென்றால் 180 கிலோ, ஆகவே மலிவுச் சில்லு வேண்டாம், பிரேக் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பகுப்பெண்ணை, அதாவது நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண்ணை, இறாக்கையின் பக்கப் பலகையிலேயே எழுதிவிட்டால் எங்கே உருட்டினாலும் 500 விஞ்ஞானம்தான், 900 வரலாறுதான். உருட்டி ஒதுக்கினால் பாய் விரித்து ஒரு வகுப்பே இருந்து பட்டிமன்றம் நடத்தலாம்.

மேசையும் அப்படித்தான். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கும் தேக்கு மேசை கம்பீரம், சரி, அதை யார் நகர்த்துவது? இரண்டு பேர் இருக்கும் சின்ன மேசைகள் போதும், தேவைக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏசி வாங்கித்தர ஆள் வரும், மாதாமாதம் கரண்ட் பில் கட்ட வராது. சுற்றுச் சுவரெல்லாம் பிளக் வையுங்கள், வயர் காலில் தடக்காது. ஸ்மார்ட் போர்ட் எனக்கு விருப்பமில்லை: சுவரில் பூட்டிய மறுநாளே கதிரையெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி, நூலகம் பழையபடி வகுப்பறையாகிவிடும். வெள்ளையடித்த சுவரும் ஒரு புரொஜெக்டரும் போதும்.

கேள்வி: பழைய புத்தகங்களைக் கழிக்கலாமா? ஊர் கோபிக்காதா?
- ஓர் ஆசிரியர், தென்மராட்சி

பதில்: கோபிக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களை நெருப்புக்குப் பறிகொடுத்த ஊர், கடுதாசியை எறியவே எங்களுக்குக் கை கூசும். ஆனாலும் பழைய பாடத்திட்ட வழிகாட்டிகளும் கறையான் தின்றதும் இடத்தைத்தான் அடைக்கின்றன. கணக்கெடுப்பில் முறையாகப் பதிந்து கழியுங்கள். பாடசாலை மலர், பரிசளிப்பு அறிக்கை, அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறுநூல்) இவற்றில் மட்டும் கை வைக்க வேண்டாம். ‘நூலகம்’ என்ற பெயரிலேயே 2005இலிருந்து இணையத்தில் இயங்கும் எண்ணிம நூலகத்தில் இப்படியானவற்றையும் ஆவணப்படுத்துகிறார்கள், முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: இப்படித் திறந்துவிட்டால் சத்தம் வராதா?
- அதே ஆசிரியர்

பதில்: வரும். வாசலுக்கு எட்டத்தில் ஒரு மூலையை மௌன வாசிப்புக்கு ஒதுக்கிவிடுங்கள், மற்ற இடத்தில் கதைக்கட்டும்.