கணக்கு எழுதுபவர் ஐடி சான்றிதழ் எடுத்தால் வேலை கிடைக்குமா?

அம்பாசமுத்திரத்தில் எட்டு ஆண்டுகளாக அரிசி ஆலைக் கணக்கு எழுதுகிறீர்கள். ஐம்பதாயிரம் ரூபாய் கட்டிச் சான்றிதழ் வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம்.

எந்த வேலை என்பதைப் பொறுத்தே சான்றிதழுக்கு மதிப்பு. நெட்வொர்க் வேலை, அதாவது கணினிகளை இணைத்துப் பராமரிக்கும் வேலை என்றால், சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ சான்றிதழ் எடுக்கலாம்; விளம்பரங்களே பெயர் சொல்லிக் கேட்கின்றன. பயிற்சிக்கான பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம். இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிச் சேவைகள் (கிளவுட்) பற்றிய அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் சான்றிதழ் வேறு ரகம்: 90 நிமிடத்தில் 65 கேள்விகள், கட்டணம் 100 டாலர். அடிப்படை புரியும், ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் சர்வரை உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். இரண்டுமே மூன்றாண்டில் காலாவதியாகும். வகுப்புக்காரர்கள் இதை ஏனோ மெதுவாகத்தான் சொல்வார்கள். வகுப்புக் கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் அடக்கமா என்று கேளுங்கள்.

நிரல் எழுதும் வேலைக்குச் சான்றிதழ் பெரிதாக உதவாது. எழுதிய நிரலைத்தான் காட்ட வேண்டும். தென்காசி அருகே மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோ மென்பொருள் நிறுவனம், பட்டம் இல்லாதவர்களையும் தன் பள்ளியில் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கிறது.

உங்கள் கையிருப்பு டாலி கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் தெரிந்திருப்பதுதான். கணக்கு மென்பொருள் நிறுவனங்களின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். வேறு வேலை கிடைக்கும்வரை ஆலை வேலையை விட வேண்டாம்.