‘ஸ்வாவ்’ என்பது பாராட்டா, குத்தலா?

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்து பையர் (எங்களிடம் சரக்கு வாங்குபவர்) ஒருவர் எங்கள் மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் என்னை ‘ஸ்வாவ்’ (suave) என்று குறிப்பிட்டிருக்கிறார். அகராதி ‘நயமான’ என்று பொருள் சொல்கிறது; உடன் பணிபுரிபவரோ அது குத்தல் என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். ‘நயமாகப் பேசுகிறார்’ என்று ஒருவரைப் புகழ்கிற நாம்தான், ‘நயமாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான்’ என்று இன்னொருவரைக் குறை சொல்கிறோம். ‘நயவஞ்சகம்’ என்ற சொல்லும் அந்த நயத்திலிருந்தே பிறந்திருக்கிறது. ஆங்கில ‘ஸ்வாவ்’ ஏறத்தாழ இதே இரட்டை வாழ்க்கையை வாழ்கிறது.

லத்தீனில் ‘இனிய’ என்று பொருள்படும் ‘ஸுவாவிஸ்’ இதன் மூலம். ஸ்பானியர்கள் இன்றும் தொட்டால் மெத்தென்றிருக்கும் துணியை ‘சுவாவே’ என்பார்கள். உங்கள் தொழிலுக்கு மிகவும் பொருந்துகிற பொருள் அதுதான். ஆங்கிலத்தில் அச்சொல் பெரும்பாலும் மனிதர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, உரியதாகிவிட்டது: பதற்றமில்லாத பேச்சு, பாங்கான உடை, யாரையும் புண்படுத்தாமல் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும் திறமை ஆகிய மூன்றும் சேர்ந்தவரே ‘ஸ்வாவ்’. இதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படும் ஹாலிவுட் நடிகர் கேரி கிராண்ட், 1904-இல் பிரிஸ்டல் நகரத்து எளிய குடும்பமொன்றில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பெயரில் பிறந்து, கழைக்கூத்தாடும் குழுவொன்றுடன் அமெரிக்கா சென்றவர். அந்த மிடுக்கு முழுவதும் பின்னாளில் பழகிக்கொண்டது. பழகிக்கொண்ட மெருகு என்பதால்தான், உள்ளே இருப்பது வேறோ என்ற ஐயமும் இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

ஐயத்துக்கு இடமே வைக்காமல் பாராட்ட விரும்புகிறவர் ‘அர்பேன்’ (urbane) என்பார். நகரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது போலவே, நம் ‘நாகரிகம்’ ‘நகர’த்திலிருந்து வந்தது. ‘நயத்தக்க நாகரிகம்’ என்று வள்ளுவர் சொல்லும்போது (குறள் 580) அதில் பூச்சு வேலைக்கு இடமில்லை. பழகியவர் கண்முன்னே நஞ்சை ஊற்றித் தந்தாலும் மறுக்காமல் உண்ணும் கண்ணோட்டத்தையே, அதாவது தாட்சண்யத்தையே, அவர் அப்படி அழைக்கிறார். பையர்களிடம் அந்த அளவுக்குப் போக வேண்டாம்.

உங்கள் மின்னஞ்சலில் ‘ஸ்வாவ்’ என்பதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘திறமையானவர்’, ‘நம்பகமானவர்’ போன்ற சொற்கள் துணைக்கு இருந்தால் மகிழலாம். அடுத்த வாக்கியம் ‘ஆனால்’ என்று தொடங்கி, சரக்கு தாமதமானதையோ சாயம் மாறியதையோ பேசினால், உங்கள் இனிய விளக்கங்களால் அவர் சமாதானமாகவில்லை என்று பொருள். அப்போது பதிலில் நயத்தைக் குறைத்து, சரக்கு கப்பலேறும் தேதியை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

ஆங்கில எழுத்துகளைப் பார்த்துச் சிலர் ‘ஸ்வேவ்’ என்று படிக்கிறார்கள். ‘ஸ்வாவ்’ என்பதே சரி.