கேள்வி – பதில்: அரியலூர்ல பார்க்க என்னங்க இருக்கு?

பள்ளி லீவுக்குப் பிள்ளைகளை அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். சிமெண்ட் லாரியும் புழுதியும் பார்க்கவா அவ்வளவு தூரம் என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

இந்த ஒரு தடவை வீட்டுக்காரர் சொல்வதைக் கேளுங்கள். மாமியார் சொல்வதும் பொய்யில்லை. லாரி இருக்கும், புழுதி இருக்கும், காரில் போனால் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் போகவேண்டும். ஆனால் அந்த லாரியில் போகிற சுண்ணாம்புக்கல்லின் கதையைத் தெரிந்துகொள்ளத்தானே போகிறீர்கள்! ஏறத்தாழ 11 கோடி வருஷத்திலிருந்து 6.5 கோடி வருஷத்துக்கு முன்பு வரை அந்தப் பக்கமெல்லாம் கடல் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, அதில் வாழ்ந்த சிப்பியும் கிளிஞ்சலும் செத்துச் செத்து அடியில் படிந்து இறுகிய பாறையைத்தான் இன்றைக்கு வெட்டி எடுத்துச் சூளையில் போட்டு சிமெண்ட் ஆக்குகிறார்கள். கல்லங்குறிச்சிச் சுரங்கப் பக்கம் சில அடுக்குகளில் கல்லைவிடச் சிப்பிதான் அதிகம். வெற்றிலைக்குத் தடவ கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கிறோமே, அடிப்படையில் அதே சரக்குதான். உங்கள் வீட்டு மாடித் தூணிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

உள்ளே போனதும் பிள்ளைகளை முதலில் அம்மோனைட் என்கிற பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவம் முன்னால் நிறுத்துங்கள். ஆட்டுக்கிடாய்க் கொம்புபோலச் சுருண்ட கல், மேலே வரிவரியாக மேடு. சுருளுக்குள்ளே வரிசையாக அறைகள். அந்த உயிரி கடைசி அறையில் மட்டும் குடியிருந்துகொண்டு, பழைய அறைகளில் காற்றை வைத்து மிதந்தது. வளர வளரப் புது அறை கட்டிக் குடிபெயரும், பழையதை மூடிவிடும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சாளக்கிராமம் வைத்துப் பூஜை செய்தால் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள், நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கிற அதுவும் இதே வகையறா அம்மோனைட்தான், ஆனால் இன்னும் பழையது.

வழியைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். காலையில் அணைக்கரை தாண்டி கங்கைகொண்ட சோழபுரம், அப்புறம் ஜெயங்கொண்டம் வழியாக அரியலூர். திரும்பும்போது கீழப்பழுவூர், திருமானூர், திருவையாறு. திருவையாற்றில் அசோகா அல்வா வாங்காமல் வந்தால் அது உங்கள் பொறுப்பு. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விடுவது வழக்கம், அதனால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். சுரங்கக் குழிக்குள் மட்டும் இறங்கிவிடாதீர்கள், அது வெடி வைக்கிற இடம்.

அங்கே டைனோசர் முட்டை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் வந்ததே, நிஜமா?
– ஒரு மாணவர், திருவையாறு

நீங்கள் சொல்வது 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நடந்தது என்று நினைக்கிறேன். குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கல் வந்தது, ஒருவர் முட்டை என்றார், ஊரே முட்டை என்றது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகி உருண்டையானது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் டைனோசர் இருந்தது நிஜம். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1980-களில் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். கணுக்காலுக்கு மேலே முழங்கால் வரை உள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம் என்று இன்னும் விவாதம் ஓடுகிறது. கொடுமை என்னவென்றால் அந்த எலும்புகள் இப்போது இல்லை, மழையிலும் ஈரத்திலும் உதிர்ந்து போயே போய்விட்டன. மிஞ்சியது வரைபடமும் சில போட்டோவும்தான். காலத்தோடு எடுத்துப் பத்திரப்படுத்த ஆளும் இடமும் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும், வாரணவாசி மாதிரி ஓர் இடம் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அந்தப் பக்கம் போனால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரத்தையும் பார்த்துவிடுங்கள், 18 மீட்டர் நீளத்துக்கு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் அதைப் பற்றி முதலில் எழுதிய எம்.எஸ். கிருஷ்ணன் நம்ம தஞ்சாவூர்க்காரர், பின்னால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கே தலைவரானவர்.

மீத்தேன் வேண்டாம், நிலக்கரி வேண்டாம் என்று ரோட்டில் உட்கார்ந்த ஊர்க்காரன் நான். சுரங்கத்தில் கிடைத்ததை வைத்து அருங்காட்சியகம், அதற்கு ஒரு டூர்... சரியாகப் படவில்லை.
– ஒரு விவசாயி, மன்னார்குடி

ஐயா, உங்கள் கோபம் நியாயம். 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகைக்கெல்லாம் வேலி போட்டது, அரியலூரைச் சேர்க்கவில்லை. 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று நிலக்கரி ஏலப் பட்டியல் வந்து, உங்களைப் போன்றவர்கள் போட்ட சத்தத்தில்தான் அந்தப் பெயர்கள் நீங்கின. ஆனால் அருங்காட்சியகத்துக்குப் போவது சுரங்கத்துக்குக் கைதட்டுவது ஆகாது. அரியலூரில் தோண்டாமல் இருந்திருந்தால் அந்தக் கடலில் பாதி நம் கண்ணுக்கே வந்திருக்காது, தோண்டிக்கொண்டே போனால் மிச்சமும் சூளைக்குத்தான் போகும். அருங்காட்சியகத்தில் எனக்கு இருக்கிற குறையும் இதை ஒட்டியதுதான். நிலத்தைக் கொடுத்தவர்கள், குழியில் இறங்கி உழைத்தவர்கள் கதைக்கு அங்கே ஒரு சுவராவது ஒதுக்கவேண்டும். நீங்களே போய்ப் பார்த்துவிட்டு, வருகையாளர் நோட்டில் எழுதிவிட்டு வாருங்களேன்.

ஜெர்மனியில் இருக்கும் மகன் கோஸ்லார் என்ற பழைய ஊரில் சுரங்கம் பார்க்கக் கூட்டிப்போகிறானாம். எனக்கு மூட்டு வலி. போகலாமா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், மயிலாடுதுறை

தாராளமாகப் போங்க சார். ராம்மெல்ஸ்பெர்க் சுரங்கம் அது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் வெள்ளி, செம்பு, ஈயம், துத்தநாகம் எடுத்துவிட்டு 1988-ல் மூடினார்கள், 1992-ல் ஊரையும் சுரங்கத்தையும் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் போட்டார்கள். மரச்சட்டம் போட்டுக் கட்டிய பழைய வீடுகள் தெருத்தெருவாக இருக்கும், அதற்கே ஒரு நாள் சரியாகப் போகும். சுரங்கத்துக்குள்ளே பெரிய மரச்சக்கரங்கள் உண்டு. தண்ணீர் விழுந்து சுழல்கிற சக்கரத்தை வைத்தே சுரங்கத்துக்குள் ஊறும் தண்ணீரை மேலே இறைத்திருக்கிறார்கள், ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்த நமக்கு அதை விட்டு நகர மனசு வராது. ஆனால் அந்தச் சக்கரங்கள் இருக்கிற ரோடர் சுரங்கப் பாதையில் படிகள் உண்டு, குறுகலும்கூட. முடியாது என்று பட்டால் சின்ன ரயிலில் உள்ளே கூட்டிப்போகிற சுற்றுக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். வெயில் காலமானாலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள்.