ஐந்தாம் லெவலில் விசார்ட் ஃபைட்டரை ஓரங்கட்டினால் என்ன செய்வது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் விளையாட்டின் 5ஆம் பதிப்பில்தானே, மந்திரவாதியான விசார்ட் போர்வீரரான ஃபைட்டரை மிஞ்சுவதைப் பற்றிக் கேட்கிறீர்கள்? விதியில் கைவைக்கும் முன் ஒன்று சொல்லுங்கள், ஒரு நாளைக்கு எத்தனை சண்டை வைக்கிறீர்கள்? ஒன்றுதான் என்றால் சிக்கல் அங்கேதான். விசார்டின் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்துக்கு 8 ஆறுமுகப் பகடை, சராசரி 28 சேதம், அதுவும் 20 அடி ஆரத்துக்குள் நிற்கிற எல்லாருக்கும் (நம்ம ஆளும் சேர்த்துத்தான்!), ஆனால் அந்த லெவலில் அதற்கு வேண்டிய மூன்றாம் நிலை ஸ்லாட் (மந்திரம் விட ஒரு நாளைக்குக் கிடைக்கும் வாய்ப்பு) இரண்டே இரண்டு, ஓய்வில் ஸ்லாட்டை மீட்கும் ஆர்க்கேன் ரெக்கவரியில் இன்னொன்று தேறும், அவ்வளவுதான். ஃபைட்டரின் வாளுக்குக் கணக்கே கிடையாது, ஆக்‌ஷன் சர்ஜும் (ஒரே முறையில் கூடுதலாக ஒரு செயல்) ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் திரும்பிவிடும். 2014 விதிநூல் நாளுக்கு 6 முதல் 8 மோதல் என்று கணக்கிட்டது. அவ்வளவு யாரால் முடியும்? நான் நான்கு வைக்கிறேன், நடுவில் இரண்டு குட்டி ஓய்வு. நான்காவதில் எங்கள் விசார்ட் தூணுக்குப் பின்னால் பதுங்கி ஸ்லாட் செலவில்லாத ஃபயர்போல்ட் மந்திரத்தைத்தான் விட்டுக்கொண்டிருப்பார்.