பதிவேட்டில் ஏறாத தண்டனை

வணக்கம்.

என் மகன் ராணுவ அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி ஒன்றில் முதல் டெர்ம் முடித்திருக்கிறான். எந்தக் கல்லூரி என்று சொல்ல விரும்பவில்லை. விடுமுறையில் வந்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்தான். அலமாரியில் சட்டை எப்படி மடித்திருக்க வேண்டும், ஒருவனுடைய ஷூ மங்கலாக இருந்தால் அத்தனை பேருக்கும் எப்படித் தண்டனை விழும் என்றெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னான். அது கூடப் பரவாயில்லை. விளக்கணைத்த பிறகு சீனியர்கள் அறைக்குக் கூப்பிட்டு நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழச் சொல்வார்களாம். "அது ட்ரெடிஷன்மா, யார்கிட்டயும் சொல்லிடாதே" என்கிறான். "கடுமையா இருந்தாத்தான் அது ராணுவம்" என்கிறார் என் கணவர். எது பயிற்சி, எது கொடுமை? நான் வாய் திறந்தால் அவன் எதிர்காலம் கெட்டுவிடுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணவர் சொல்வதில் பாதியை நான் ஏற்கிறேன். கேடட் வாழ்க்கைக்குக் கடுமையான விதிகள் தேவை. இருபது வயதைத் தாண்டியதுமே முப்பது பேரின் உயிருக்குப் பொறுப்பேற்கப் போகிறவன் உங்கள் மகன். சட்டை மடிப்பும் ஷூ பளபளப்பும் போரில் யாரையும் காப்பாற்றாது என்பது உண்மைதான். ஆனால் தூக்கம் கெட்டு, பசித்து, மூளை மந்தமாகிப்போன நேரத்திலும் சின்ன விஷயத்தைத் தவறவிடாமல் செய்கிற பழக்கம் காப்பாற்றும். துப்பாக்கியைத் துடைப்பதும், வரைபடத்தில் எண்ணைச் சரியாகப் படிப்பதும் அதே பழக்கத்தின் தொடர்ச்சி. கூட்டுத் தண்டனையிலும், அளவோடு இருந்தால், ஓர் அர்த்தம் உண்டு. பக்கத்தில் இருப்பவனின் பெல்ட் பக்கிளையும் பார்த்துவிட்டுக் கிளம்பக் கற்றுக்கொள்கிறான்.

அதனால் கடுமையை வைத்து எது பயிற்சி, எது கொடுமை என்று பிரிக்க முடியாது. நான் பார்ப்பது வேறு ஒன்றை: அந்த விதி எழுதப்பட்டிருக்கிறதா? தண்டனை கொடுத்தவர் பெயர் எங்காவது பதிவாகிறதா?

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் 1802-இல் தொடங்கியது. அதை இன்று நாம் அறிந்த ராணுவக் கல்லூரியாக மாற்றியவர் 1817 முதல் 1833 வரை தலைமை வகித்த சில்வேனஸ் தேயர். ஒவ்வொரு குற்றத்துக்கும் கறைப்புள்ளிகள், ஓராண்டில் 200 சேர்ந்தால் வெளியேற்றம் என்ற முறை அவர் காலத்தில்தான் வேரூன்றியது. பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்தரப்புத் தளபதியான ராபர்ட் ஈ. லீ 1829-இல் ஒரு புள்ளிகூட வாங்காமல் பட்டம் பெற்றார். 1861-இல் வகுப்பிலேயே கடைசியாக வந்து, பின்னாளில் குதிரைப்படைத் தளபதியாகப் பெயர் பெற்ற ஜார்ஜ் கஸ்டர் மொத்தம் 726 புள்ளிகள் வாங்கியிருந்தார். தாமதமாக வந்தது, தலைமுடி விதிக்கு மீறி இருந்தது, பனிக்கட்டியை உருட்டி எறிந்தது என்று அவர் செய்த குறும்புகள் எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நம்மால் அதைப் படிக்க முடிகிறது. குற்றம் என்ன, புள்ளி எத்தனை என்று கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. கேடட் தன் தரப்பு விளக்கத்தை எழுதிக் கொடுக்கவும் வழி இருந்தது. இந்த முறை எத்தனை கடுமையாக இருந்தாலும் அதை நான் மதிக்கிறேன். கேடட்டைக் கட்டிப்போடுகிற அதே தாள் தண்டிப்பவனையும் கட்டிப்போடுகிறது. பத்துப் புள்ளிக் குற்றத்துக்கு நூறு புள்ளி போட அவனால் முடியாது.

அதே கல்லூரியில், அதே நூற்றாண்டின் கடைசியில், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இன்னொரு ஆட்சி இரவில் நடந்துகொண்டிருந்தது. ஆஸ்கர் பூஸ் என்ற இளைஞர் 1898-இல் சில மாதங்களிலேயே அங்கிருந்து விலகினார். 1900 டிசம்பரில் காசநோயால் இறந்தார். சீனியர்கள் காரமான சாஸைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைத்ததே காரணம் என்று குடும்பம் குற்றம் சாட்டியது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது. சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவர்களில் டக்ளஸ் மக்கார்தரும் ஒருவர். பின்னாளில் பெரும் தளபதியான அவரையும் மயங்கி விழும்வரை உட்கார்ந்து எழ வைத்திருந்தார்கள். 1901-இல் அந்தக் கல்லூரியில் ராகிங்கைத் தடைசெய்து சட்டமே வந்தது. சட்டம் வந்தும் ராகிங் ஒழியவில்லை. 1919-இல் மக்கார்தர் அதே கல்லூரியின் தலைவரானபோது, புதிதாக வருகிறவர்களின் முதல் பயிற்சியைச் சீனியர்கள் கையிலிருந்து பிடுங்கி அதிகாரிகளிடம் கொடுத்தார். பழைய மாணவர்கள் கொதித்தார்கள், பாரம்பரியம் போச்சு என்றார்கள். அவர் போன பிறகு சிலவற்றைப் பழையபடி மாற்றியும் விட்டார்கள். ஆனாலும் அந்த ஒரு முடிவுக்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தான் பட்டதை அடுத்தவனும் படட்டும் என்று நினைக்காத மனிதர்கள் குறைவு.

உங்கள் மகன் சொன்ன "நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து எழுவது" என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறோம். உடலுக்கு அதைவிட ஆபத்தானது. பழக்கமில்லாத தசைகளை ஒரே மூச்சில் எல்லை மீறி வேலை வாங்கினால் தசை இழைகள் உடைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலக்கும். அதை வடிகட்ட முடியாமல் சிறுநீரகம் செயலிழக்கலாம். தசை தாங்க முடியாமல் வலிக்கும், வீங்கும், சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போகும். அந்த நிறத்தைப் பார்த்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பகலில் பி.டி. பயிற்றுநர் வாரம் வாரமாகச் சுமையைக் கூட்டுவதும், இடையில் தண்ணீர் குடிக்க வைப்பதும், வெயிலைப் பார்த்து நேரத்தை மாற்றுவதும் இதைத் தவிர்க்கத்தான். பகலில் ஏற்கெனவே களைத்துப்போன உடம்பை இரவு பதினொரு மணிக்கு அறைக்குள் வைத்து வதைக்கிற பத்தொன்பது வயதுப் பையனுக்கு இது எதுவும் தெரியாது. உடலை வாட்டும் தண்டனைப் பயிற்சியைக் கேடட்டுகள் "ரகடா" என்று சொல்வார்களே, அது மைதானத்தில் பொறுப்பான ஒருவர் கண்முன் நடந்தால் தண்டனை. பூட்டிய அறையில் நடந்தால் வெறும் வன்முறை.

பையன்கள் காயத்தை மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரெலிகேஷன் பயம். பயிற்சி நாட்கள் விட்டுப்போனால் ஜூனியர் பேட்ச்சோடு சேர்ந்து அந்த டெர்மைத் திரும்பச் செய்ய வேண்டும். கணுக்காலுக்கு மேல் எலும்பில் மெல்லிய விரிசல் விட்டிருக்கும், பையன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவான். விரிசல் முறிவாகும். ஆறு மாதம் போனால் போகட்டும் என்று வீட்டில் அம்மாவும் அப்பாவும் முன்கூட்டியே சொல்லி வைத்தால், அவன் மருத்துவரிடம் போவதற்கு அதுவே பெரிய தைரியம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் நாட்டில் காயத்தின் விலையைக் கேடட்டின் குடும்பம்தான் சுமந்து வந்திருக்கிறது. தேசிய பாதுகாப்பு அகாடமிக்கான யு.பி.எஸ்.சி. அறிவிக்கையைப் பாருங்கள். பயிற்சியின்போது காயமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடு கோர உரிமையில்லை என்பதைப் புரிந்துகொண்டதாகப் பெற்றோர் சான்றிதழ் எழுதித் தர வேண்டும். சொந்த விருப்பத்தில் பாதியில் விலகினால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பயிற்சி முடியும்வரை திருமணம் கூடாது, மீறினால் வெளியேற்றம். எல்லாம் எழுத்தில் தெளிவாக இருக்கிறது, ஆனால் ஒருபக்கமாக இருக்கிறது. 1985 முதல் சுமார் 500 கேடட்டுகள் பயிற்சியில் ஏற்பட்ட உடல் குறைபாட்டால் வெளியே அனுப்பப்பட்டிருக்கிறார்கள். அதிகாரியாகப் பொறுப்பேற்கும் முன்பே போய்விட்டதால் அவர்கள் முன்னாள் படைவீரர் கணக்கில் வரவில்லை, அந்த மருத்துவத் திட்டமும் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்த பிறகுதான் மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள்! இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

பாரம்பரியம் என்ற சொல்லுக்குப் பயப்பட வேண்டாம். அந்த அகாடமியில் பெண்கள் சேர முடியாது என்பதும் பல பத்தாண்டுப் பாரம்பரியமாகத்தான் இருந்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் தேர்வெழுத அனுமதித்தது. 2025 மே மாதத்தில், முதல் பெண் கேடட்டுகள் 17 பேர் பயிற்சி முடித்து அணிவகுத்து வெளியே வந்தார்கள். அகாடமி அப்படியேதான் நிற்கிறது.

இனி உங்கள் மகன் சொன்ன "யார்கிட்டயும் சொல்லிடாதே". வெஸ்ட் பாயிண்டின் கௌரவ விதி பொய், ஏமாற்று, திருட்டு மூன்றையும் விலக்குவதோடு, அவற்றைச் செய்பவர்களைப் பொறுத்துக்கொள்வதும் குற்றம் என்கிறது. நண்பனைக் காட்டிக்கொடுக்கச் சொல்கிற இந்தக் கடைசிப் பகுதி எளிதானதல்ல. தேர்வில் ஏமாற்றியதற்காக 1951-இல் 90 பேர் போனார்கள். 1976-இல் இன்னொரு பெரிய மோசடி. அதை ஆராய்ந்த, விண்வெளி வீரர் ஃபிராங்க் போர்மன் தலைமையிலான குழு, எல்லாவற்றுக்கும் வெளியேற்றம் ஒன்றே தண்டனை என்பது சரியில்லை என்று சொல்லி, போனவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவும் பரிந்துரைத்தது. அந்த விவாதம் பெரியது, இங்கே வேண்டாம். எனக்கு உறுத்துவது இதுதான்: விடைத்தாளைத் திருடியவனைப் பொறுத்துக்கொள்ளாதே என்று சொல்லித்தரும் கல்லூரிகளுக்குள்ளேயே, முழங்காலை உடைத்தவனைக் காப்பாற்று என்று பையன்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தருகிறார்கள். இரண்டையும் ஒரே மனம் எத்தனை நாள் சுமக்கும்? சீனியரின் குற்றத்தை மறைத்துப் பழகியவன், நாளை தன் மேலதிகாரியின் குற்றத்தை மறைக்க மாட்டான் என்று எதை நம்பி இருப்பது?

சரி, நீங்கள் என்ன செய்வது? முதலில் மகனிடம் பேசுங்கள், அவனுக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதீர்கள். அவன் பிரிவுக்கு ஓர் அதிகாரி இருப்பார், தேசிய பாதுகாப்பு அகாடமியில் டிவிஷனல் ஆபீசர் என்பார்கள். அவருக்கு மேல் ஸ்குவாட்ரன் கமாண்டர். அவன் நேராகத் தன் பிரிவு அதிகாரியிடம் போனால் நல்லது. தயங்கினால், நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து ஸ்குவாட்ரன் கமாண்டருக்குக் கடிதம் எழுதுங்கள். நடந்தது, தேதி, காயம் மட்டும் போதும், குற்றச்சாட்டு மொழி வேண்டாம். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான அதிகாரிகள் இதை அறிந்தால் உடனே நடவடிக்கை எடுப்பார்கள் என்றே நம்புகிறேன், அவர்கள் பெயரில்தானே அது நடக்கிறது. பதில் வராவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள். சில நாள் அவனைச் சிலர் ஒதுக்கி வைக்கலாம், அது வலிக்கும், அதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முழங்காலோ வேறு எங்காவதோ அவனுக்கு வலிக்கிறது என்றால், திரும்பிப் போகும் முன் ஒரு நல்ல எலும்பு மருத்துவரிடம் காட்டி, அறிக்கையைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.