குழந்தையின் இதய ஓட்டைக்கு ஒரு வாரக் கெடுவா?

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு சந்தேகப்பட்டு, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே 12 மி.மீ. ஓட்டை என்றார்கள். நன்றாகத்தான் ஓடி விளையாடுகிறாள். தொடை வழியாகக் குடை வைத்து அடைக்கலாமாம். முகாமில் பழக்கமான ஒருவர், ஒரு வாரத்துக்குள் செய்தாக வேண்டும், முன்பணம் கட்டுங்கள் என்கிறார். குழந்தை வளர்ந்தால் குடை பத்தாமல் போகாதா?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஓடி விளையாடும் குழந்தைக்கு இந்த ஓட்டையால் ஒரு வாரத்தில் எதுவும் ஆகிவிடாது. இடப்பக்க ரத்தம் வலப்பக்கம் கசிய, வலது அறைகள் வருடக்கணக்கில் மெல்ல விரியும். அடைக்கத்தான் வேண்டும், ஆனால் விசாரித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது.

குடை என்பது நிட்டினால் என்ற நிக்கல்-டைட்டானியம் கலப்பு உலோகத்தில் செய்த, இரண்டு தட்டுகள் கொண்ட கம்பிவலை. தொடை ரத்தக்குழாய் வழியாக மடக்கிக் கொண்டுபோய், சுவரின் இருபுறமும் விரிப்பார்கள். குடை கம்பியில் திருகி மாட்டியிருக்கும்போதே இழுத்து, தள்ளிப் பார்ப்பார்கள். நழுவினால் திரும்ப எடுத்துவிடலாம், நின்றால்தான் திருகைக் கழற்றுவார்கள். சில மாதங்களில் அதன்மேல் இதயத்தின் சொந்தத் திசு மூடிவிடும், சுற்றியுள்ள சுவர் வளரும். மாற்ற வேண்டியதில்லை. ஏறக்குறைய ஆறு மாதம் ஆஸ்பிரின் தருவார்கள்.

ஆனால் தட்டுகள் கவ்வ விளிம்பு வேண்டும். சுவரின் நடுவில் உள்ள ஓட்டைக்குப் பெரும்பாலும் இருக்கும். மேலே, தலைப்பக்கத்து ரத்தம் வந்து இறங்கும் பெரிய குழாயின் வாயருகே இருந்தால் கவ்வ இடமே கிடையாது. கூடவே வலது நுரையீரலின் ரத்தக்குழாய் தவறான அறையில் சேர்ந்திருப்பதும் வழக்கம். குழந்தைக்கு அதைத் திறந்த அறுவை சிகிச்சையில்தான் சரிசெய்ய வேண்டும். நெஞ்சின்மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் இது தப்பிப்போவதுண்டு. அதனால் கேளுங்கள்: "ஓட்டை எந்த இடத்தில்? எல்லாப் பக்கமும் விளிம்பு இருக்கிறதா? நுரையீரல் குழாய்கள் நான்கும் சரியாகச் சேர்கிறதா?" தெளிவில்லையென்றால், தொண்டை வழியாக எக்கோ பார்த்தபிறகு முடிவெடுக்கட்டும். 12 மி.மீ. என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யார் விலை பேசினாலும் நம்பாதீர்கள்.

பள்ளிக்கு வந்த குழுவே உங்களை மாவட்டத்தின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு (குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கவனிக்கும் அரசு மையம்) கடிதம் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். அந்தக் கடிதம் மேசை மேசையாக நகரும் அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். கடிதத்தை எழுதிக் கொடுக்கும்வரை விடாதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, எக்கோ சிடி இரண்டையும் எடுத்துக்கொண்டு குழந்தைகள் இதய மருத்துவர் உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சிடியை அந்த முகாம் ஆள் வைத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள்.