பழைய புகைக்குழாயின் வயதை எப்படிக் கண்டறிவது?

வெள்ளி வளையமும் கறுப்பு வாய்முனையும் கொண்ட, புகையிலை பிடிக்கும் மரப் புகைக்குழாய் எந்தக் காலத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒரு வேண்டுகோள்: பாலிஷ் போட்டுவிடாதீர்கள். தண்டில் மங்கலாகத் தெரியும் முத்திரை தேய்ந்துபோனால் பாதிச் சாட்சியம் போய்விடும். அங்கே 'ஐரிஷ் ஃப்ரீ ஸ்டேட்' (அயர்லாந்து நாட்டின் அக்காலப் பெயர்) என்றிருந்தால் 1922-க்கும் 1937-க்கும் இடைப்பட்டது என்று ஊகிக்கலாம்.

வளையத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நடக்கும் சிங்கம் தெரிந்தால் அது இங்கிலாந்தில் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது 92.5 சதவீதத் தூய வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் சோதித்த நகரம் பர்மிங்காம். சிறுத்தைத் தலை என்றால் லண்டன். கூடவே இருக்கும் ஒற்றை எழுத்துதான் ஆண்டைச் சொல்லும். சிக்கல் என்னவென்றால், அதே எழுத்து சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும். ஆகவே எழுத்தின் சாயலையும் அதைச் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் அந்த நகரத்தின் ஆண்டெழுத்து அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

வாய்முனையைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை அடித்தால் எபோனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். கடின ரப்பருக்கு நெல்சன் குட்இயர் காப்புரிமை பெற்றது 1851-இல்; அதற்கு முந்தையதாக அது இருக்க வாய்ப்பில்லை. ஆனால் கடித்துக் கடித்துத் தேய்ந்த வாய்முனையைப் பலர் மாற்றிவிடுவார்கள். அதனால் நான் வளையத்தையே அதிகம் நம்புவேன்.